ஜார்ஜியாவை ராணுவம் ஆண்டபோது நீதிமன்றங்கள் மூடப்பட்டனவா?

நண்பர் கேட்டிருப்பது இது: "அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் தோற்றுப்போன தென்மாநிலங்களை வடக்கின் ராணுவம் ஆண்டதாகப் படித்தேன். சட்டசபை, நீதிமன்றம் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் துப்பாக்கி முனையில்தான் ஆண்டார்களா? எத்தனை வருடம் அது நீடித்தது?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அங்கே ராணுவம் அன்றாடம் என்ன வேலை செய்தது என்பது ஒன்று. அது கொடுங்கோலாட்சியா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆவணங்களை வைத்துத் தெளிவாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் சண்டை போடுகிறார்கள். அதில் என் கட்சி எது என்பதையும் சொல்கிறேன், ஆனால் அது என் கட்சி மட்டுமே.

முதுகலை வரலாற்று மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு நடத்தியவன் நான். எனக்குத் தெரிந்தது அச்சில் வந்த ஆவணங்கள்: சட்டங்கள், ராணுவ ஆணைகள், காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றம்) விசாரணைப் பதிவுகள், தீர்ப்புகள். கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகங்களில் தூசி படிந்து கிடக்கும் பதிவேடுகளைப் புரட்டியவன் அல்ல. அதனால் மாநில அளவில் நடந்ததை உறுதியாகச் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட ஊரில் விவசாயி எப்படி உணர்ந்தான் என்று கேட்டால் தயங்குவேன். பத்து மாநிலங்களையும் ஒரே பதிலில் அடைத்தால் எதுவும் விளங்காது. ஜார்ஜியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ராணுவம் ஒருமுறை விட்டுப் போய், மறுபடியும் திரும்பி வர வேண்டியிருந்த மாநிலம் அது.

கேள்வியில் உள்ள "போர் முடிந்ததும்" என்பதையே முதலில் திருத்த வேண்டும். ஜார்ஜியாவில் கூட்டமைப்பின் (பிரிந்துபோன தென்மாநிலங்களின் அரசு) படைகள் சரணடைந்தது 1865 ஏப்ரல் கடைசியில். நீங்கள் படித்த ராணுவ ஆட்சிச் சட்டம் வந்தது 1867 மார்ச்சில். இடையில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். படைவீரர்கள் அப்போதும் மாநிலத்தில் இருந்தார்கள் என்றாலும், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் சிவில் அரசை விரைவாகத் திருப்பித் தருவதிலேயே குறியாக இருந்தார். 1865 ஜூனில் ஜேம்ஸ் ஜான்சன் என்பவரைத் தற்காலிக ஆளுநராக்கினார். அக்டோபரில் மாநில அரசியல் நிர்ணய சபை கூடிப் பிரிவினைத் தீர்மானத்தை ரத்து செய்தது. டிசம்பர் 6 அன்று, அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தத்தை ஏற்ற இருபத்தேழாவது மாநிலம் ஜார்ஜியா. அந்த ஓட்டோடுதான் திருத்தம் அரசமைப்பின் பகுதியானது. இதுவரை கேட்டால் எல்லாம் நல்லபடியாகப் போனது போலத்தான் தெரியும். அதே மாநிலத்தின் சட்டசபை 1866 ஜனவரியில் அமெரிக்க செனட்டுக்கு யாரை அனுப்பியது தெரியுமா? அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸை. கூட்டமைப்பின் துணைத் தலைவராக இருந்தவர், சிறையிலிருந்து வெளிவந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. காங்கிரஸ் அவரை உள்ளே விடவில்லை. அதே ஆண்டு நவம்பரில், விடுதலையானவர்களுக்குக் குடியுரிமை தரும் 14ஆவது திருத்தத்தை ஜார்ஜியா ஏறத்தாழ ஒருமனதாக நிராகரித்தது. டென்னசி தவிர தெற்கின் மற்ற மாநிலங்களும் அப்படியே. காங்கிரஸுக்குப் பொறுமை போனது இந்த இடத்தில்தான்.

1867 மார்ச் 2 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சனின் வீட்டோவை மீறி நிறைவேறிய சட்டம், டென்னசி நீங்கலாகப் பத்து மாநிலங்களை ஐந்து ராணுவ மண்டலங்களாகப் பிரித்தது. ஜார்ஜியா, அலபாமா, ஃபுளோரிடா மூன்றும் மூன்றாவது மண்டலம். சட்டத்தின் வாசகத்தைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இருக்கும் மாநில அரசுகள் கலைக்கப்படவில்லை. அவை தற்காலிகமானவை என்று மட்டும் அறிவிக்கப்பட்டன. சிவில் நீதிமன்றங்கள் வழக்குகளை நடத்தத் தளபதி அனுமதிக்கலாம். தேவைப்பட்டால் ராணுவ விசாரணை மன்றமும் அமைக்கலாம். மரண தண்டனை என்றால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஆக, நீதிமன்றங்கள் மூடப்படவில்லை. நிலத் தகராறு, கடன் வழக்கு, திருட்டு எல்லாம் பழைய நீதிபதிகள் முன்பே பழையபடி நடந்தன. அவர்களுக்கு மேலே, எப்போது வேண்டுமானாலும் தலையிடக்கூடிய ஒரு தளபதி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த முதல் தளபதி ஜான் போப். 1862இல் இரண்டாம் புல் ரன் போரில் தோற்றுப் பெயர் கெட்டுப்போனவர். ராணுவ ஆட்சி என்றதும் நம் மனத்தில் ஊரடங்கும் டாங்கியும் வருகின்றன. போப்பின் பெரும்பகுதி வேலை வாக்காளர் பட்டியல் தயாரிப்பது. மாநிலத்தின் 44 செனட் தொகுதிகளிலும் பதிவுக் குழுக்கள் போட்டார். குழுவுக்கு மூன்று பேர், அதில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பதிந்த பெயருக்கு இவ்வளவு என்று கூலி. 21 வயது நிரம்பிய ஆண்கள் எல்லோரும், நிறம் பார்க்காமல், பதியலாம். இங்கே பரவலான ஒரு தப்பெண்ணம் உண்டு: கூட்டமைப்புக்காகத் துப்பாக்கி தூக்கிய அனைவரின் ஓட்டையும் பறித்துவிட்டார்கள் என்று. அப்படி இல்லை. போருக்கு முன்பு அரசுப் பதவி வகித்து, அரசமைப்பைக் காப்பதாக உறுதிமொழி எடுத்து, பிறகு கிளர்ச்சியில் சேர்ந்தவர்களுக்குத்தான் தடை. சாதாரணப் படைவீரன் உறுதிமொழி எடுத்துப் பதிந்துகொள்ளலாம். முடிவில் பட்டியலில் சுமார் 1,88,000 பெயர்கள். வெள்ளையர் 95,000 சுற்றி, கறுப்பினத்தவர் 93,000 சுற்றி. மூன்று வருடத்துக்கு முன்வரை சந்தையில் விற்கப்பட்டவர்களின் பெயர், விற்றவர்களின் பெயரோடு ஒரே பட்டியலில் ஏறியது.

1867 அக்டோபர் 29 முதல் நவம்பர் 2 வரை வாக்குப்பதிவு. பதிவானவர்களில் பாதிக்கு மேல் வாக்களித்தால்தான் அரசியல் நிர்ணய சபை கூட முடியும் என்பது விதி. ஆகவே எதிர்ப்பவர்கள் கண்ட வழி, வாக்குச்சாவடிப் பக்கமே போகாமல் இருப்பது. வெள்ளையரில் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தார்கள். அப்படியும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆதரவு வாக்குகள் விழுந்தன. எதிர்ப்பு சுமார் 4,000. (இதே தந்திரம் 1868 பிப்ரவரியில் அலபாமாவில் பலித்தது. உடனே காங்கிரஸ் மார்ச்சில் விதியை மாற்றி, பதிவான வாக்குகளில் பெரும்பான்மை போதும் என்று சொல்லிவிட்டது.) சபை கூட வேண்டிய தலைநகரம் மில்லெட்ஜ்வில். அங்குள்ள விடுதிக்காரர்கள் கறுப்பின உறுப்பினர்களுக்கு அறை தர மாட்டோம் என்றார்கள். சபை அட்லாண்டாவில் கூடியது. பிறகு தலைநகரமே அட்லாண்டாவுக்கு மாறிவிட்டது.

தளபதியின் உண்மையான ஆயுதம் பதவி நீக்கம். மேயர், ஷெரிஃப், நீதிபதி, யாரை வேண்டுமானாலும் நீக்கி வேறொருவரை நியமிக்கலாம். அகஸ்டா நகரின் மேயர் பதவியில் ஃபாஸ்டர் பிளாட்ஜெட் என்ற குடியரசுக் கட்சிக்காரரை (காங்கிரஸில் பெரும்பான்மையாக இருந்து இந்தச் சட்டத்தைப் போட்ட கட்சி அது)ப் போப் அமர்த்தினார். ஜான்சனின் சட்ட அமைச்சர் ஸ்டான்பெரி இதற்கெல்லாம் தளபதிகளுக்கு அதிகாரமில்லை என்று கருத்துச் சொன்னார். 1867 ஜூலையில் காங்கிரஸ் இன்னொரு சட்டம் போட்டு, அதிகாரம் உண்டு என்று வாயை அடைத்தது. நடுவர்களை (வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, ஜூரி) வாக்காளர் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆகஸ்டில் போப் போட்ட ஆணை இன்னும் ஆழமானது. கறுப்பினத்தவர் நீதிமன்றத்தில் நடுவராக உட்காரலாம் என்பதே அதன் பொருள். அதே மாதத்தில், புனரமைப்பை, அதாவது தோற்ற மாநிலங்களைப் புது விதிகளின்படி ஒன்றியத்தில் மீண்டும் சேர்க்கும் இந்தத் திட்டத்தை, எதிர்க்கும் பத்திரிகைகளுக்கு அரசு விளம்பரம் கிடையாது என்றும் ஆணையிட்டார். இதை நியாயப்படுத்த நான் முயல மாட்டேன். அன்று மாநிலப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை எதிர்த்தரப்பு, விளம்பரம் நின்றால் பல படுத்துவிடும். அடுத்து வந்த தளபதி அந்த ஆணையைத் தளர்த்தினார்.

அந்த அடுத்த தளபதி ஜார்ஜ் மீட், கெட்டிஸ்பர்க் போரை வென்றவர். போப் தீவிரமாகப் போகிறார் என்று ஜான்சன் அவரை மாற்றிவிட்டு, நிதானமானவர் என்ற நம்பிக்கையில் மீடை அனுப்பினார். 1868 ஜனவரியில் பொறுப்பேற்ற நிதானஸ்தர், சில நாட்களிலேயே ஆளுநரை நீக்கினார்! நடந்தது இது. அரசியல் நிர்ணய சபையின் செலவுக்கு 40,000 டாலர் தேவை. மாநிலக் கருவூலத்திலிருந்து அதை வழங்க ஆளுநர் சார்ல்ஸ் ஜென்கின்ஸ் கையெழுத்திட வேண்டும். ஜென்கின்ஸ் வெறியர் அல்ல. 1850இல் ஒன்றியத்தோடு இருக்க வேண்டும் என்ற ஜார்ஜியா அறிக்கையை எழுதியவர், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். சட்டசபை ஒதுக்காத பணத்தை எடுத்துத் தர மாநில அரசமைப்பு எனக்கு அதிகாரம் தரவில்லை என்றார். அவர் நம்பிய அரசமைப்பின்படி அது சரியான பதில். மீடுக்கோ அந்த அரசமைப்பே தற்காலிகமானது. ஜனவரி 13 அன்று ஆளுநரும் கருவூலரும் நீக்கப்பட்டு, ஆளுநர் நாற்காலியில் பிரிகேடியர் ஜெனரல் தாமஸ் ரூகர் உட்கார்ந்தார். கருவூலத்தைக் கவனிக்க ஒரு கேப்டன் வந்தார். ஜென்கின்ஸ் கருவூலப் பணத்தை நியூயார்க் வங்கிக்கு அனுப்பிவிட்டு, ஆளுநரின் முத்திரையையும் எடுத்துக்கொண்டு மாநிலத்தை விட்டுப் போனார். முத்திரையை 1872இல்தான் திருப்பித் தந்தார். சட்டசபை நன்றி சொல்லி, அதே முத்திரையின் தங்கப் பிரதி ஒன்றை அவருக்குப் பரிசளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் அவர் போயிருந்தார். ராணுவச் சட்டத்தை நிறுத்தக் கோரி ஜார்ஜியா தொடுத்த வழக்கை, இது அரசியல் பிரச்சினை, நாங்கள் தீர்க்க வேண்டியதல்ல என்று நீதிமன்றம் 1867 மே மாதமே தள்ளிவிட்டது.

ராணுவ விசாரணை மன்றம் ஜார்ஜியாவில் செய்த காரியங்களில் அதிகம் பேசப்படுவது ஆஷ்பர்ன் வழக்கு. ஜார்ஜ் ஆஷ்பர்ன் என்ற வெள்ளைக்காரர் புதிய அரசமைப்பை எழுதிய சபையில் உறுப்பினர், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் பேசியவர். 1868 மார்ச் 31 அன்று நள்ளிரவு தாண்டியதும் கொலம்பஸ் நகரில் முகமூடிக் கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. மீட் துப்பறிவாளர்களை அமர்த்தினார். நகரின் சில முக்கியக் குடும்பத்து இளைஞர்கள் கைதானார்கள். ஜூன் இறுதியில் அட்லாண்டாவின் மெக்ஃபெர்சன் ராணுவ முகாமில் விசாரணை தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவர்களில் அதே அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். அரசுத் தரப்பில் ஜோசப் பிரவுன், போர்க்காலத்தில் ஜார்ஜியாவின் கூட்டமைப்பு ஆளுநராக இருந்து, தோல்விக்குப் பிறகு குடியரசுக் கட்சிக்குத் தாவியவர். ஜூலை 21 அன்று மாநிலம் 14ஆவது திருத்தத்தை ஏற்றதும் ராணுவத்தின் அதிகார வரம்பு முடிந்தது. விசாரணை பாதியில் நின்றது. கைதிகள் ஜாமீனில் வெளியே வந்தார்கள், பிறகு யாரும் அவர்களை விசாரிக்கவில்லை. கொன்றது யார் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. சாட்சிகளை ராணுவம் கொடுமைப்படுத்தி வாக்குமூலம் வாங்கியது என்று அன்றைய எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் எழுதின. சிலர் கடுமையாக நடத்தப்பட்டார்கள் என்பதை நம்பலாம். எழுதியதெல்லாம் உண்மையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு, ஏனென்றால் எழுதியவர்களுக்கு அதில் அரசியல் ஆதாயம் இருந்தது.

மாணவர்கள் எப்போதும் தவறவிடும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ராணுவ ஆட்சி என்றாலே கறுப்பினத்தவரின் பக்கம் நின்ற ஆட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். சிறைக் கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விடலாம் என்ற சட்டத்தை 1866 டிசம்பரில் பழைய சட்டசபை போட்டு வைத்திருந்தது. அதை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ராணுவ ஆளுநர் ரூகர். 1868 மே மாதம், கறுப்பினக் கைதிகள் 100 பேரை ஒரு வருடத்துக்கு 2,500 டாலருக்கு ஒரு ரயில்பாதை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்தார். தலைக்கு 25 டாலர். அந்த முறை ஜார்ஜியாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உயிர்களைத் தின்றது. வடக்குச் சீருடை போட்டவர் எல்லோருக்கும் விடுதலை லட்சியம் இருந்தது என்று எண்ண வேண்டாம். நிர்வாகச் செலவைக் குறைப்பது அவர்களுக்கும் பெரிய காரியமாகத்தான் இருந்தது.

1868 ஏப்ரல் தேர்தலில் புதிய அரசமைப்பு ஏற்கப்பட்டது. ஆளுநராக குடியரசுக் கட்சியின் ரூஃபஸ் புல்லக், கூட்டமைப்பின் முன்னாள் ஜெனரல் ஜான் கார்டனைச் சுமார் 7,000 ஓட்டில் வென்றார். ஜூலை இறுதியில் மீட் அதிகாரத்தைச் சிவில் அரசிடம் கொடுத்தார். கணக்குப் பார்த்தால் முதல் ராணுவ ஆட்சி பதினாறு மாதம்தான். விபரீதம் அதன் பிறகு வந்தது. கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று புதிய அரசமைப்பில் வெளிப்படையாக எழுதாமல் விட்டிருந்தார்கள். வடக்கு ஜார்ஜியாவின் ஏழை வெள்ளையரின் ஓட்டுக்காக, ஓட்டுப் போடும் உரிமை வேறு, பதவி வகிக்கும் உரிமை வேறு என்று மேலே சொன்ன பிரவுனே பிரசாரம் செய்திருந்தார். செப்டம்பரில் சட்டசபை அந்த ஓட்டையைப் பயன்படுத்தித் தன் கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றியது. நான்கு பேர் மட்டும் தப்பினார்கள். அவர்கள் உடம்பில் ஓடும் ஆப்பிரிக்க ரத்தம் எத்தனை பங்கு என்று நிரூபிக்க முடியவில்லையாம். வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவரான ஹென்றி மெக்நீல் டர்னர், நான் மனிதனா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி என்ற பொருளில் ஆற்றிய உரை இன்றும் வாசிக்கப்படுகிறது. இரண்டு வாரத்தில், செப்டம்பர் 19 அன்று, ஆல்பனியிலிருந்து கமில்லா ஊருக்கு ஊர்வலமாக வந்த கறுப்பினத்தவர் மீது ஷெரிஃபும் ஊர்க்காரர்களும் சுட்டார்கள். இறந்தவர்கள் ஒன்பது முதல் பதினைந்து வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. நவம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தல். கொலம்பியா கவுண்டியில் ஏப்ரலில் குடியரசுக் கட்சிக்கு விழுந்த ஓட்டு 1,222. நவம்பரில் அதே கட்சியின் வேட்பாளர் கிராண்டுக்கு விழுந்தது 1.

அதனால்தான் ராணுவம் திரும்பி வந்தது. 1869 டிசம்பரில் காங்கிரஸ் ஜார்ஜியாவை மறுபடியும் ராணுவக் கட்டுப்பாட்டில் வைத்தது. 1870 ஜனவரியில் ஜெனரல் ஆல்ஃபிரட் டெர்ரி, தகுதியில்லாத முன்னாள் கூட்டமைப்பினர் இருபதுக்கும் மேற்பட்டோரைச் சட்டசபையிலிருந்து நீக்கி, வெளியேற்றப்பட்ட கறுப்பின உறுப்பினர்களைத் திரும்ப உட்கார வைத்தார். நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக் கூடாது என்னும் 15ஆவது திருத்தத்தைச் சபை ஏற்றது. ஜூலை 15 அன்று ஜார்ஜியா ஒன்றியத்தில் மீண்டும் சேர்ந்தது, பத்து மாநிலங்களில் கடைசியாக.

இனி இரண்டாவது கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டன்னிங்கும் அவர் மாணவர்களும் எழுதியதன் செல்வாக்கில், இது துப்பாக்கி முனை ஆட்சி என்ற சித்திரம் பாடப்புத்தகம் வரை போனது. நான் மாணவனாகப் படித்ததும் அதன் சாயல்தான். எண்களை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. 1867இன் இறுதியில் பத்து மாநிலங்களுக்கும் சேர்த்து ராணுவம் சுமார் 20,000 பேர். அதில் கணிசமானோர் டெக்சாஸில். ஜார்ஜியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் ஒரு படைவீரன்கூட நிரந்தரமாக இல்லை. நகரத்தில் ஆணை போடலாம்; அது முப்பது மைல் தள்ளி நடக்கிறதா என்று பார்க்க ஆளில்லை. ஜென்கின்ஸின் சட்ட வாதத்தை நான் மதிக்கிறேன், பத்திரிகை ஆணையை மதிக்கவில்லை. ஆனால் ராணுவத்தின் மீது வைக்கக்கூடிய பெரிய குற்றச்சாட்டு, அது அழுத்தியது என்பதல்ல, 1868 ஜூலையில் அவசரமாகக் கிளம்பியது என்பதே என் முடிவு. கமில்லாவும் கொலம்பியா கவுண்டியின் அந்த ஒற்றை ஓட்டும்தான் அதற்கு நான் காட்டும் ஆதாரம். இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்று கேட்டால், மாறியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ராணுவம் திரும்பி வந்து போன பிறகும், புனரமைப்பை எதிர்த்த ஜனநாயகக் கட்சி 1870 டிசம்பர் தேர்தலிலேயே சட்டசபையைப் பிடித்தது, புல்லக் 1871 அக்டோபரில் மாநிலத்தை விட்டு ஓடினார். அவர் ஊழல்வாதியா என்பதும் இன்னும் தீராத வழக்கு: பிடித்து வந்து விசாரித்தபோது 1878இல் விடுதலையானார். அவருடைய ஆட்சியில் மாநில ரயில்வேயில் பணம் ஒழுகியது என்பதை அவருக்காகப் பேசுபவர்களும் மறுப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. இதை அப்படியே மற்ற மாநிலங்களுக்குப் பொருத்த வேண்டாம். லூசியானாவிலும் டெக்சாஸிலும் தளபதி ஷெரிடன் இரண்டு ஆளுநர்களையும் 1867 கோடையிலேயே நீக்கிவிட்டார். அவருக்குப் பின் வந்த ஹான்காக் நேர் எதிராக, சிவில் சட்டமே மேல் என்று ஆணை போட்டார். வட, தென் கரோலினாக்களில் தளபதி சிக்கிள்ஸ் கடனுக்குச் சிறை வைப்பதை ஒழித்தார், சாராயம் காய்ச்சுவதைக்கூடத் தடுத்தார். தளபதி யார் என்பதைப் பொறுத்து ஆட்சியின் குணமே மாறியது. உங்களுக்கு எந்த மாநிலம் வேண்டும் என்று சொன்னால் அதைத் தனியாக எழுதுகிறேன். டெக்சாஸ் என்றால் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், அங்கே எல்லைச் சண்டையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.